லாட்வியாவில் பசை கேட்பது எப்படி: ஒட்டும் பொருள்களுக்கான சொல் வழிகாட்டி

லாட்வியத் தலைநகர் ரிகாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை. அங்கே போய் ஆங்கிலத்தில் ‘கம்’ வேண்டும் என்று கேட்டேன். நம்மூரில் பசைக்கு அதுதானே பெயர். கடைக்கார அம்மா பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். இல்லை என்று சொல்லி, இரண்டு கைகளையும் சேர்த்து ஒட்டிக் காட்டினேன். புரிந்துகொண்டு ஒரு அலமாரிக்கு அழைத்துப் போனார். மேலிருந்து கீழ்வரை குழாய்களும் டப்பாக்களும். அவர் என் பக்கம் திரும்பி, “கம்?” என்றார். நானும் “கம், கம்” என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும், நிறுத்தி நிதானமாக, “கம்?” என்றார். லாட்விய மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘எதுக்கு?’ என்று பொருள். எதை ஒட்டப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் காலைத் தூக்கி ஷூவைக் காட்டித்தான் பசை வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒட்டுகிற, பிசுபிசுக்கிற, வழிகிற எல்லாவற்றுக்கும் இங்கே என்ன பெயர் என்று குறித்து வைக்க ஆரம்பித்தேன். படிக்கவோ வேலைக்கோ புதிதாக லாட்வியா வருகிற தமிழர்களுக்காக அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைப் பாலமாக வைத்துக்கொண்டால் அடிக்கடி தவறான கரையில் போய் இறங்குவீர்கள். பல இடங்களில் நம் தமிழே நல்ல பாலம்.

முதல் படி: குறில் நெடிலைக் காதில் வாங்குங்கள்

லாட்விய மொழியில் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. நெடில் என்றால் எழுத்தின் மேல் ஒரு கோடு போடுவார்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ‘கல்’லையும் ‘கால்’லையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை. ‘பிக்யிஸ்’ என்றால் கீல், அதாவது தாரைவிடக் கெட்டியான கறுப்புப் பொருள். ‘பீக்யிஸ்’ என்றால் சீட்டுக்கட்டில் இஸ்பேட். ‘மால’ என்றால் களிமண்ணின், ‘மல’ என்றால் ஓரம். அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில்தான் விழும்.

நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். அவர்களுக்கு வல்லினத்தில் மெல்லொலி, வல்லொலி இரண்டும் தனித்தனி எழுத்து. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியாது. ஆகவே கீழே ‘தர்வ’ என்று எழுதினால், முதல் எழுத்தை ‘தர்மம்’ என்பதில் சொல்வது போலச் சொல்லுங்கள், ‘தம்பி’யில் வருவது போல அல்ல. ‘குமிய’ என்பதில் வரும் ‘கு’, ‘குரு’வில் வருகிற ‘கு’. கடைசி எழுத்து குறில் என்றால் குறிலாகவே முடியுங்கள்.

இரண்டாம் படி: ‘லீமெ’ என்ற ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

பசைக்குப் பொதுச்சொல் ‘லீமெ’. ஜெர்மானியப் பக்கத்திலிருந்து வந்த பழைய கடன்சொல். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கடை உங்களுக்குத் திறந்துவிடும். கண் இமைப்பதற்குள் பிடிக்கிற வகை ‘ஸுப்பெர்லீமெ’. குச்சிப் பசை ‘லீமெஸ் ஸீமுலிஸ்’, அதாவது பசைப் பென்சில். ஒட்டுநாடா ‘லீம்லென்தெ’. ஸ்டிக்கர் ‘உஸ்லீமெ’, மேலே ஒட்டுவது என்று பொருள். ஒட்டு என்று வினையாகச் சொல்ல ‘லீமேத்’. டேப்பைப் பேச்சில் ‘ஸ்கோச்ஸ்’ என்றும் சொல்வார்கள், ஒரு பிராண்டின் பெயர் பொருளுக்கே பெயராகிவிட்டது. நாம் எந்த மரப்பசையையும் ஃபெவிகால் என்று சொல்லவில்லையா, அதே கதைதான்.

கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: “வை யும்ஸ் இர் லீமெ?” ‘உங்களிடம் பசை இருக்கிறதா?’ இந்த வாக்கிய அமைப்பை நான் எல்லாப் புதியவர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். லாட்விய மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப வாலை மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் கேள்வியில் மட்டும் அகராதியில் இருக்கிற வடிவத்தையே அப்படியே வைக்கலாம், பிழை வராது.

உடனே அந்தக் கேள்வி வரும்: “கம்?” அதற்குப் பதில் நம் நான்காம் வேற்றுமைதான். நாம் ‘கு’ உருபைச் சேர்க்கிற இடத்தில் அவர்கள் ஆண்பால் சொல்லுக்கு ‘அம்’, பெண்பால் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘ஐ’ போடுவார்கள். காகிதத்துக்கு: ‘பப்பீரம்’. மரத்துக்கு: ‘குவொக்கம்’. கண்ணாடிக்கு: ‘ஸ்திக்லம்’. உலோகத்துக்கு: ‘மெத்தாலம்’. பிளாஸ்டிக்குக்கு: ‘ப்லஸ்த்மஸை’. தோலுக்கு: ‘ஆதை’. செருப்பு, ஷூ இவற்றுக்குப் பன்மையில் ‘அப்பவியெம்’. ‘லீமெ அப்பவியெம்’ என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் ஒற்றைக் காலில் நின்றிருக்க வேண்டாம். தமிழில் ‘ஷூவுக்குப் பசை’ என்று நினைத்தால் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் யோசித்தால் முன்னிடைச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்போம்.

டப்பாவைப் படிக்கும்போது ஒரு கவனம். பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் சேர்த்துத்தான் பல கம்பெனிகள் லேபிள் அச்சடிக்கின்றன. ‘எல்வி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு வருவதுதான் லாட்வியம். பக்கத்தில் ‘க்லியை’ என்று இருந்தால் அது லிதுவேனியம், ‘லீம்’ என்று முடிந்தால் எஸ்டோனியம். லிதுவேனிய மொழி பார்வைக்கு லாட்வியம் போலவே இருக்கும், அதைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

மூன்றாம் படி: ஆங்கிலம் ஏமாற்றுகிற நான்கு சொற்கள்

கம். இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே குறைந்தது நான்கு பெயர். மெல்லுகிற சூயிங்கம் ‘குவொஷ்ல்யெனெ’. ‘குமிய’ என்றால் ரப்பர், அழிரப்பர் ‘ட்ஸேஷ்குமிய’, அதனால்தான் அந்த அம்மா எனக்கு அதை எடுத்து வைத்தார். பல் ஈறு ‘ஸ்மகனஸ்’. ஒட்டுகிற கம் வேண்டும் என்றால் பழையபடி ‘லீமெ’.

பேஸ்ட். பற்பசை ‘ஸுவொபு பஸ்த’. தக்காளி விழுதுக்கும் ‘பஸ்த’ பொருந்தும். நம் சுவரொட்டிக்குக் காய்ச்சுகிற மைதாப் பசை மாதிரியான மாவுப் பசை மட்டும் ‘க்லீஸ்தெரிஸ்’, அது ஜெர்மன் சொல். சுவர்க் காகிதம் ஒட்டுகிற பசை மறுபடியும் லீமெ குடும்பம். இதில் இன்னொரு சிக்கல்: தபால் நிலையத்துக்கு ‘பஸ்த்ஸ்’ என்று பெயர், அது ஆறாம் வேற்றுமையில் ‘பஸ்த’ ஆகிவிடும். விண்ணப்பத்தில் ‘பஸ்த இன்தெக்ஸ்ஸ்’ என்று பார்த்தால் பற்பசையை நினைக்காதீர்கள், பின்கோடு கேட்கிறார்கள்.

பிளாஸ்டர். இது உடம்பு சம்பந்தப்பட்டது, ஆகவே நன்றாக மனதில் பதியுங்கள். வெட்டுக்காயத்துக்கு ஒட்டுவது ‘ப்லாக்ஸ்தெரிஸ்’, மருந்துக்கடையில் கேட்க வேண்டியது இதுதான். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டு ‘ஜிப்ஸிஸ்’ (முதல் எழுத்து ‘ஜி’க்கும் ‘கி’க்கும் நடுவில் ஒலிக்கும்). சுவரில் பூசுவது ‘அப்மெத்தும்ஸ்’. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே சொல், தமிழில் மூன்றும் வேறு வேறு, லாட்வியத்திலும் அப்படியே.

புட்டி. நம் பெயிண்டர்கள் ‘பட்டி பார்ப்பது’ என்று சொல்கிற அந்த வேலைக்கான பொருள் இங்கே ‘ஷ்பக்தெலெ’. ஜன்னல் கண்ணாடிச் சட்டத்தில் அடைக்கிற மாதிரியானது ‘தெப்பெ’. வாடகை வீட்டில் குளியலறை ஓரத்தில் வெள்ளையாகக் கோடு இழுப்பது ‘ஸிலிக்கோன்ஸ்’.

அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்தீர்களா? நாம் பஸ் என்பதைப் பேச்சில் ‘பஸ்ஸு’ என்று ஒரு உகரம் போட்டு நம்முடையதாக்கிக்கொள்கிறோம். அவர்கள் ‘ஸ்’ போட்டு ஆக்கிக்கொள்கிறார்கள். ஸிலிக்கோன்ஸ், அஸ்ஃபல்த்ஸ், ஸீருப்ஸ், பல்ஸம்ஸ், ப்ரோபோலிஸ்ஸ். உலகம் முழுக்கப் புழங்குகிற தொழில்நுட்பச் சொல் என்றால் ஒரு ‘ஸ்’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ‘பல்ஸம்ஸ்’ மட்டும் எந்தக் கடையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மருந்துக்கடையில் உதட்டுக்குப் பூசுவது, அழகுசாதனக் கடையில் தலைமுடிக்கு. மதுக்கடையில் என்றால் மண்குப்பியில் விற்கிற ரிகா கறுப்பு பல்ஸம்ஸ், 45 சதவீத ஆல்கஹால், 1752இலிருந்து பேர்போனது.

நான்காம் படி: மரத்திலிருந்து வருவதைப் பிரித்துச் சொல்லுங்கள்

லாட்வியாவில் பாதி நிலத்துக்கு மேல் காடு. பைன், ஸ்ப்ரூஸ், பெர்ச். ஆகவே மரத்துப் பிசினுக்கும் மரத்து நீருக்கும் இங்கே தெளிவான வேறுபாடு உண்டு. பைன் மரத்தைத் தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாத அந்தப் பொருள் ‘ஸ்வெக்யி’. இந்தச் சொல் எப்போதும் பன்மையில்தான் வரும். வசந்த காலத்தில், மார்ச் ஏப்ரலில், பெர்ச் மரத்தில் துளையிட்டு வடிக்கிற தண்ணீர் போன்ற சாறு ‘ஸுல’. பழச்சாற்றுக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் பிசினையும் மரத்து நீரையும் ‘ஸாப்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள், அதை நம்பி “பைன் ஸுல” என்று கேட்டால் பைன் ஜூஸ் கேட்டதாக அர்த்தம். தமிழில் ‘பிசின்’ என்று நினைத்தால் ஸ்வெக்யிக்கு நெருங்கிவிடுவீர்கள். எப்பாக்ஸி வேலை செய்கிறவர்களுக்கு: அதுவும் ஸ்வெக்யிதான், ‘எப்பொக்ஸீத ஸ்வெக்யி’.

மரத்தைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடிக்கிற தார் ‘தர்வ’. இதை மறக்காமல் இருக்க நான் வைத்திருக்கிற வழி இது. தேவதாரு என்ற மரப் பெயரில் ‘தாரு’ என்று வருகிறதே, மரம் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். அதுவும் லாட்விய தர்வவும் ஆங்கிலத்தின் தாரும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. மரத்தின் பெயரே மரத்திலிருந்து வடிகிற பொருளுக்கு ஆகியிருக்கிறது. மருந்துக்கடையில் ‘தர்வஸ் ஸியெப்பெஸ்’ என்று கறுப்பு சோப்பு கிடைக்கும், தார்ச் சோப்பு. வாசனை முதல் நாள் தூக்கிவாரிப் போடும். தேன் பீப்பாயில் ஒரு கரண்டி தர்வ என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. குடம் பாலில் துளி விஷம் என்று நாம் சொல்கிற இடம்.

தார் இன்னும் இறுகினால் ‘பிக்யிஸ்’. கொச்சைப் பேச்சில் அதற்குப் பணம் என்றும் அர்த்தம், சக மாணவர்கள் சொன்னால் குழம்பாதீர்கள்.

பல லட்சக்கணக்கான நூற்றாண்டுகளுக்கு முன் கசிந்து இறுகிப்போன பிசின்தான் ஆம்பர். இங்கே ‘ட்ஸின்தர்ஸ்’. புயலுக்கு மறுநாள் கடற்கரையில் ஆட்கள் குனிந்து தேடுவதைப் பார்ப்பீர்கள். நீங்களும் தேடுங்கள், ஆனால் லியபாயா பக்கத்துக் கடற்கரை என்றால் தயவுசெய்து கிடைத்ததைச் சட்டைப் பையில் போடாதீர்கள். பழைய ராணுவ வெடிபொருள்களிலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் துண்டுகள் ஆம்பர் போலவே மஞ்சளாகக் கரை ஒதுங்குகின்றன. ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும், காய்ந்து உடம்புச் சூடு பட்டால் தீப்பிடித்துக்கொள்ளும். ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். அவசர உதவிக்கு எண் 112.

ஐந்தாம் படி: சமையலறை

தேன் ‘மெதுஸ்’. மது என்ற சொல்லைத் தெரிந்தவருக்கு இது அந்நியச் சொல்லே இல்லை, இரண்டும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் மது என்றால் முதலில் தேன்தான். கோடையில் லிண்டன் மரத்தடியில் காரையோ சைக்கிளையோ நிறுத்தினால் மேலெல்லாம் பிசுபிசுவென்று துளி துளியாக ஒட்டியிருக்கும். இலையில் இருக்கிற அசுவினிப் பூச்சிகள் வெளியேற்றுவது அது. அதன் பெயர் ‘மெதுஸ்ரஸ’. மெதுஸ் தேன், ரஸ பனித்துளி. நம் ரசம் என்ற சொல்லுக்கு மூலமான அதே ரஸ வேர்தான். முதன்முதலில் இதைக் கேட்டபோது ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ நம் வீட்டுச் சொல்லைச் சொன்னது போல இருந்தது எனக்கு.

ரிகா மத்தியச் சந்தைக்குப் போய்த் தேன் வாங்குங்கள். 1930இல் திறந்த சந்தை, பழைய ஆகாயக் கப்பல் கொட்டகைகளின் கட்டுமானத்தை எடுத்துக் கட்டிய பெரிய பெரிய கூடங்கள். ‘லியெப்பு மெதுஸ்’ லிண்டன் பூத் தேன். ‘க்ரிக்யு மெதுஸ்’ பக்வீட் பூத் தேன், கருப்பட்டிப் பாகு நிறம். ‘விர்ஷு மெதுஸ்’ ஹீத்தர் பூத் தேன், பாட்டிலைச் சாய்த்தாலும் நகராது, ஜெல்லி மாதிரி நிற்கும், கிளறினால்தான் இளகும். இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே தேன் பெரும்பாலும் வெண்ணெய் போல உறைந்துதான் விற்கும். உறைந்தால் சர்க்கரைப் பாகு கலந்தது என்று நம்மூரில் ஒரு எண்ணம் இருக்கிறதே, அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். நல்ல தேனும் உறையும். கடுகு இனத்து ரேப் பூத் தேன் எடுத்த சில வாரங்களிலேயே உறைந்துவிடும்.

மற்றவை சட்டென்று: பாகு, சிரப் ‘ஸீருப்ஸ்’, இருமல் மருந்து ‘க்லெப்புஸ் ஸீருப்ஸ்’. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகு, மொலாசஸ் ‘மெலஸெ’. பழத்துண்டுகள் தெரிய வீட்டில் காய்ச்சுகிற ஜாம் ‘இயெவாரீயும்ஸ்’, அதில் ‘வார்’ என்றால் கொதித்தல். மாவுச்சத்து சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சுகிற பழப் பானம் ‘க்யீஸெலிஸ்’. பிசைந்த மாவு ‘மீக்ல’. விடுகதைக்கும் அதே ‘மீக்ல’தான். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடைகளில் ‘பிப்பர்கூக்கு மீக்ல’ என்று கரும்பழுப்பு உருண்டையாக விற்பார்கள். மிளகு, கிராம்பு, ஏலக்காய் வாசனையோடு கையெல்லாம் ஒட்டும். வாங்கித் தேய்த்து பிஸ்கெட் சுட்டுப் பாருங்கள், அந்த வாசனை நம் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோய்விடும்.

ஆறாம் படி: ஒட்டுவது என்ற வினை

பொருள்களின் பெயர் போதாது. ‘லீமேத்’ என்பது நாம் ஒன்றை ஒட்டுவது. தானாக ஒட்டிக்கொள்வது ‘லிப்த்’. சந்தனத்தை லேபனம் செய்வது என்கிறோமே, பூசுவது, அந்த லேபனத்தின் வேரும் இதன் வேரும் ஒன்று. கோதுமை மாவுக்கு இழுவை கொடுக்கிற குளூட்டன் ‘லிப்பெக்லிஸ்’. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டில் இந்தச் சொல்லையும் தேடிப் பார்க்க வேண்டும், ‘க்லுத்தேன்ஸ்’ என்பதை மட்டும் தேடினால் போதாது.

‘லிப்பீக்ஸ்’ என்றால் பிசுபிசுப்பானது. ஜாம் பட்ட மேசை லிப்பீக்ஸ், வாயில் சுற்றிக்கொண்டே இருக்கிற பாட்டும் லிப்பீக (பெண்பால் சொல்லோடு வரும் வடிவம்). இன்னொன்றுதான் முக்கியம்: தொற்றுநோயும் ‘லிப்பீக’. மருத்துவர் அப்படிச் சொன்னதை ஆங்கிலத்தில் அகராதி பார்த்து, உடம்பில் பசை மாதிரி ஏதோ என்று பயந்துபோன ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனிடம் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னேன்: ஒட்டுவாரொட்டி. உடனே புரிந்துவிட்டது. கிராமத்தில் பாட்டிகள் சொல்வது அதுதான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிற நோய். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: “வை தஸ் இர் லிப்பீக்ஸ்?”

ஏழாம் படி: சரிபார்ப்பது

ஆங்கிலச் சொல்லைப் போட்டு மொழிபெயர்த்து வந்ததை அப்படியே நம்பாதீர்கள். அதைத் ‘தேஸவுர்ஸ்’ என்ற இலவச இணைய அகராதியில் போடுங்கள். லாட்வியப் பல்கலைக்கழகத்தின் கணித, கணினி அறிவியல் நிறுவனம் நடத்துவது. விளக்கம் லாட்விய மொழியில்தான் இருக்கும், ஆனால் சொல்லின் எல்லா வேற்றுமை வடிவமும் அட்டவணையாகக் கிடைக்கும். ஒரே சொல்லுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு வெவ்வேறு பொருள் இருந்தால் அங்கேதான் கண்ணி இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அதே சொல்லை ஏதாவது கட்டுமானப் பொருள் கடையின் இணையதளத்தில் தேடுங்கள். வருகிற படங்களைப் பாருங்கள். நீங்கள் நினைத்த பொருள்தான் வருகிறது என்றால் சொல் சரி. கடைக்குக் கிளம்பும்போது மூன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பொருளின் பெயர், எதுக்கு என்ற பதில் நான்காம் வேற்றுமையில், நன்றிக்கு ‘பல்தியெஸ்’. பழைய டப்பாவோ உடைந்த துண்டோ இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். “கம்?” என்று கேட்டதும் எடுத்துக் காட்டலாம்.